ஒற்றிக்குப் போன வயல்

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளுக்குப் பார்த்தசாரதி முதலில் பொங்கலாகத்தான் அறிமுகமாவார். எனக்கும் அப்படித்தான். எண்பதுகளின் கடைசியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்துக்கு மாதக் கடைசி என்பது இருபதாம் தேதியே வந்துவிடும். மெஸ் டோக்கன் தீர்ந்த பிறகு டீயும் பன்னும்தான். என் அறைவாசி கோயமுத்தூர்க்காரன். "மார்கழி பொறந்துட்டா நமக்கென்னங்க கவலை?" என்று ஒரு நாள் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பிக் கூட்டிப்போனான்.

பெரிய தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் திருப்பாவை கோஷ்டி முடியும் வரை ஓரமாக நின்றோம். பிறகு வரிசை நகர்ந்தது. தொன்னையில் விழுந்த பொங்கலின் சூடு இலையைத் தாண்டி உள்ளங்கையைச் சுட்டது. நெய் இலையின் மடிப்பில் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. ஒரு மிளகு, அரை முந்திரி, மீதியெல்லாம் குழைந்த அரிசி. அறைவாசி கையை நக்கிவிட்டு, கூச்சமே இல்லாமல் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றான். பரிமாறியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி வைத்தார்.

பக்தி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோயிலைப் பற்றி நான் பின்னால் தெரிந்துகொண்டதெல்லாம் இந்த அரிசி வழியாகத்தான் வந்தது.

அச்சகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் 'புலவர்' என்போம், நான் 'ஐயா' என்பேன். காலி புரூஃபைக் கையில் எடுத்தால் உலகம் மறந்துவிடும் மனிதர். அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது, கல்வெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து எபிகிராபியா இண்டிகா தொகுதிகளிலிருந்து பாடங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்:

"தம்பி, நீ குடியிருக்கிற இடத்துக் கோயில்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"பொங்கல் நல்லாயிருக்கும் ஐயா, அது தெரியும்."

சிரிக்கவில்லை. "அந்தப் பொங்கலைப் பத்தித்தான் எழுதியிருக்கு" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் கோயிலுக்குள் அந்தக் கல்லின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பன்னிரண்டாவது ஆட்சியாண்டு. கணக்குப் போட்டால் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். கோயிலில் இருக்கும் கல்வெட்டுகளில் காலத்தால் மூத்தது இதுதான். அவ்வளவு பழைய எழுத்து என்றால், இன்ன அரசன் இந்தக் கோபுரத்தை எழுப்பினான், இத்தனை எதிரிகளை வென்றான் என்று மெய்க்கீர்த்தி பேசும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரசனுக்குரிய புகழுரை தொடக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதோ ஒரு கடன் விவகாரம். கோயிலைப் பார்த்துக்கொண்டவர்கள் பெருமாளுக்குரிய நிலத்தை ஒற்றி வைத்துவிட்டார்கள். அதனால் திருவமுதுக்கு வரவேண்டிய அரிசி முட்டுப்பட்டது. புகழ்த்துணை விசையரையன் என்பவர் அந்த நிலத்தை மீட்டுக் கொடுத்து, நின்றுபோன அமுதுபடியை மறுபடி நடக்கச் செய்தார். விஷயம் இவ்வளவுதான்.

புலவர் கல்லைத் தொடாமல், விரலை ஓர் அங்குலம் தள்ளி வைத்து எழுத்தெழுத்தாக ஓட்டிக் காட்டினார். காலிப் புரூஃபில் விரல் ஓட்டுவதும் அப்படித்தான். சில இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. அங்கெல்லாம் நோட்டைப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு மாமி, நாங்கள் ஏதோ புதிய சந்நிதியைச் சேவிக்கிறோம் என்று நினைத்து, தானும் கல்லைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நகர்ந்தார்.

எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது எங்கள் ஊர். ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் தளிகை நடப்பதற்காகத் தாத்தா குளத்துப் பாசனத்தில் ஒரு துண்டு வயலை எழுதிவைத்திருந்தார். அந்த வயலில் குத்தகைக்கு இருந்தவர் சில வருஷங்களாக நெல் அளக்கவில்லை. "இந்த வருஷமும் அளக்கலை. நான் கடையில் அரிசி வாங்கிக் கொடுத்து ஒப்பேத்திட்டேன்" என்று அப்பா இன்லண்டு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் மேன்ஷனில் என் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் வந்த பிரச்சினையும் அதே பிரச்சினைதான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்ததா எரிச்சலாக இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கல்லை வைத்துக் கோயிலின் வயதைக் கணக்கிடக் கூடாது என்று புலவர் எச்சரித்தார். நிலம் ஒற்றிக்குப் போய் மீண்டிருக்கிறது என்றால், நிலம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது, தளிகையும் நடந்திருக்கிறது. ஆழ்வார்களில் பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். திருமங்கையாழ்வார் இதை மயிலையைச் சேர்ந்த திருவல்லிக்கேணியாகக் காட்டுகிறார். தொண்டையர்கோன் செய்த திருப்பணியையும் குறிப்பிடுகிறார். தேரோட்டியாக நின்றவன், நரசிங்கன், முதலையிடமிருந்து யானையைக் காத்தவன் என்று அவர் பாசுரங்களில் வரிசையாக வருகிறவர்கள் இன்றும் உள்ளே தனித்தனிச் சந்நிதிகளில் இருக்கிறார்கள்.

உள்ளே போனால் முதலில் தலை சுற்றும். ஒரே மதிலுக்குள் ஐந்து பெருமாள். மூலவர் வேங்கடகிருஷ்ணன், மீசை வைத்த கண்ணன். கையில் சங்கு மட்டும்தான். பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததால் சக்கரம் இல்லை. ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். ஊர்க்காரர்கள் மன்னாதர் என்று அழைக்கும் ரங்கநாதர், ராமர், கருடன்மேல் வரும் கஜேந்திரவரதர் எல்லோருக்கும் தனி இடம். தெள்ளியசிங்கர் என்ற நரசிங்கர் மட்டும் மேற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கென்று தனி வாசல், தனிக் கொடிமரம். கிழக்கே நுழைந்து நேராக நடந்தால் இன்னொரு கோயிலின் பின்பக்கமாக வெளியே வந்துவிட்ட மாதிரி இருக்கும். என் அறைவாசி கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசலில் தேடியது எங்கள் மேன்ஷனில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

உற்சவர் பார்த்தசாரதியை நான் கிட்டத்தில் பார்த்தது சித்திரை பிரம்மோற்சவத்தின்போது. எங்கள் மேன்ஷன் இருந்த தெருமுனையில் புறப்பாடு நின்றது. ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கற்பூர வெளிச்சம் முகத்துக்கு நேரே உயர்ந்தபோது, கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி புள்ளியாக வடுக்கள் தெரிந்தன. பீஷ்மரின் அம்புகள் பட்ட காயம் என்பது நம்பிக்கை. தேரோட்டி திருப்பி அடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், வாங்கிக்கொண்டார். அழகு அழகு என்றே கேட்டுப் பழகிய நாட்டில், ஒரு தெய்வத்தை அதன் தழும்போடு வார்த்து, அந்தத் தழும்பையே வீதிக்கு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது இதுதான்.

மடைப்பள்ளியையும் இந்தத் தழும்போடு முடிச்சுப் போட்டுப் பேசுவார்கள். பக்கத்து வீட்டு மாமி சொல்வார்: "காயம் பட்ட உடம்புடா, காரம் ஒத்துக்குமா? அதான் மிளகாயே கிடையாது, எல்லாம் நெய்தான்." புலவருக்கு இது பொறுக்காது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த சரக்கு, பல்லவர் மடைப்பள்ளியில் மிளகாய்க்கு எங்கே போவார்கள் என்பார். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் குடியேறிய சாந்தோம், கோயிலிலிருந்து நடை தூரம்தான். மிளகாய் ஊருக்குள் வந்தும், கோயில் மதிலைத் தாண்டவில்லை. இரண்டு விளக்கத்தில் எனக்கு மாமியுடையதே பிடிக்கும். சரி என்னவோ புலவருடையதுதான்.

கல்வெட்டுகள் பல்லவரோடு நிற்கவில்லை. சோழர், பாண்டியர் காலங்களைத் தாண்டி விஜயநகரம் வரை வருகின்றன. சதாசிவராயர் காலத்து 1564-ஆம் ஆண்டுக் கல்வெட்டு புதிய சந்நிதிகள் சேர்ந்ததைச் சொல்கிறது. இன்று நாம் பார்க்கும் கோயிலின் பெரும்பகுதி அந்தக் காலத்து விரிவு. பிறகு கோல்கொண்டா ஆட்சி. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்தார்கள். அவர்களைத் துரத்த கோல்கொண்டாவும் டச்சுக்காரர்களும் சேர்ந்து நடத்திய சண்டை 1674 வரை இழுத்தது. மதிலும் கோபுரமும் உள்ள கட்டடம் என்பதால் இந்தக் கோயிலும் அப்போது படைகளுக்கு அரணாகப் பயன்பட்டது. அது முடிந்த கையோடு, 1676-ல் கிழக்கிந்தியக் கம்பெனி திருவல்லிக்கேணியைக் கோல்கொண்டாவிடமிருந்து வருஷத்துக்கு 50 வராகன் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் பெருமாளின் வயல் ஒற்றிக்குப் போனது. இந்த முறை பெருமாளோடு சேர்த்து ஊரே குத்தகைக்குப் போனது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார். 1795-ல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. எங்கள் அறைக்குப் பாங்கொலியும் கோயில் மணியும் வந்து சேர, இரண்டு பக்கத்து ஜன்னலும் ஈடுகொடுத்தன.

கம்பெனி வாடகைக்கு எடுத்தது ஊரை மட்டுமல்ல, ஊரின் சண்டைகளையும். தென்கலையா வடகலையா, யார் முன்னால் நின்று எதை ஓதுவது என்ற வழக்கு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரத் துரைகளின் மேசைக்குப் போய்விட்டது. 1817-ல் சட்டம் போட்டுக் கோயில் அறக்கட்டளைகளின் மேற்பார்வையைக் கம்பெனி கையில் எடுத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரகங்களுக்குக் காவல் நிற்பதா என்று சீமையில் கூச்சல் கிளம்பவும் மெல்லப் பின்வாங்கியது. கம்பெனிக்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசு 1863 சட்டத்தோடு அந்தப் பொறுப்பை உதறியது. அதற்குப் பிறகு தர்மகர்த்தாக்கள், தேர்தல்கள், அவற்றின் மேல் வழக்குகள், ஸ்கீம்கள். திருவல்லிக்கேணிக் கோயில் உயர்நீதிமன்றத்துக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை.

இந்த வழக்குகளை வைத்தே மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 1981-ல் வந்தது. முழுக்க முழுக்க இந்த ஒரு கோயிலைப் பற்றியது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் புலவர் அதைப் பேரம் பேசி வாங்கினார். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம் தடுமாறும். எனவே ராத்திரியில் நான் படித்து மறுநாள் சாரம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பெருமாள் இங்கே வெறும் சிலை இல்லை, ஓர் அரசர். வருகிறதை வாங்குகிறார், வாங்கியதைப் பங்கிடுகிறார். அந்தப் பங்குதான் மரியாதை. முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, பிரசாதம் எந்த வரிசையில் என்பதெல்லாம் சில்லறை விஷயமாகத் தோன்றும். ஆனால் ஊரில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே அதில்தான் தீர்மானமாகிறது. அதனால்தான் ஒரு கரண்டி தீர்த்தத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். இதைச் சொன்னபோது புலவர் கேட்டார்: "உனக்கும் உன் சிநேகிதனுக்கும் எந்த வரிசை?"

"கடைசி வரிசை ஐயா."

"கடைசி வரிசைக்கும் வருதுல்ல. அப்ப விசையரையன் செஞ்சது வீண் போகலை."

அச்சகத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் வந்தால் புலவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பாரதி நினைவு நாள் கட்டுரைகள் வரத் தொடங்கும். பாதிக் கட்டுரைகளில் பாரதியைத் திருவல்லிக்கேணிக் கோயில் யானை கொன்றிருக்கும். அவர் தேங்காய், பழம் கொடுத்துப் பழகிய யானை 1921-ல் அவரைத் தள்ளியது உண்மை. குவளைக்கண்ணன் பாய்ந்து இழுத்துக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து தேறினார். ஈரோட்டுக்கு ரயிலேறிப் போய்க் கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டும் வந்தார். பிறகு வயிற்றுக்கடுப்பு வந்துதான் செப்டம்பரில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் காலமானார். பொருளில் கைவைக்க மெய்ப்புப் பார்ப்பவனுக்கு அதிகாரம் இல்லை. புலவர் வைப்பார். ஓரத்தில் சிவப்பு மையில் 'யானை கொல்லவில்லை' என்று எழுதி அனுப்புவார். ஆசிரியர் குழுவிலிருந்து அது அடிக்கப்பட்டுத் திரும்பி வரும். மறுபடி எழுதுவார். பாரதி வாழ்ந்த கடையத்தைப் பார்த்த ஊர்க்காரன் என்ற முறையில் நானும் அவர் கட்சி.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேன்ஷன் வாழ்க்கை முழுமையாகாது. கோயிலுக்கு எதிரே இருக்கும் கைரவிணிக் குளம் அல்லிக்குளம். ஊருக்குப் பேர் கொடுத்ததே அதுதான். ராமானுஜரின் தந்தை கேசவ சோமயாஜி பிள்ளை வேண்டி வேள்வி செய்தது இந்தக் குளக்கரையில் என்றும், பார்த்தசாரதியே ராமானுஜராக வந்து பிறந்தார் என்றும் ஊரார் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் குளம் வேறு விதத்தில் முக்கியம். மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்த வருஷத்தில் மேன்ஷன் கைப்பம்பில் தண்ணீர் வாயில் வைக்கும்படி இருக்கும். குளம் வற்றினால் உப்பு ஏறும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, நல்ல தண்ணீர் இறங்கின இடத்துக்கு அது வந்துவிடும். ஒரு கோடையில் குளத்தின் அடித்தரை பாளம் பாளமாக வெடித்து, பையன்கள் உள்ளே ஸ்டம்பு நட்டு விளையாடினார்கள். அந்த மாதங்களில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. மேன்ஷன் மேனேஜர் தெப்போற்சவம் நடக்குமா நடக்காதா என்று கோயிலில் விசாரித்துவிட்டு வந்துதான் லாரித் தண்ணீருக்குச் சொல்வார். வானிலை அறிக்கையைவிட அவருக்கு அது நம்பகமான கணக்கு.

அரிசிக்கு வருகிறேன். திருவல்லிக்கேணிக்கு அரிசியில் இன்னொரு பெருமையும் உண்டு. 1904-ல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம், பண்டகசாலைகளை நடத்துவதில் நாட்டுக்கே முன்னோடி. ஊர்க்காரர்கள் பங்கு போட்டு, நியாய விலைக்குச் சாமான் வாங்கிக்கொள்ள ஏற்படுத்தியது. குடும்ப அட்டை இல்லாத எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்கு அது எட்டாது. எங்களுக்குக் கோயில் தொன்னையும் கடன் சொல்லும் மெஸ்ஸும்தான். 2002-ல் தமிழக அரசு கோயில்களில் அன்னதானத் திட்டம் கொண்டுவந்தபோது நான் வேலை மாறி வேறு பகுதிக்குக் குடிபோயிருந்தேன். புலவர் அப்போது இல்லை. இருந்திருந்தால் இதற்கும் தந்திவர்மன் கல்லில் ஒரு தொடர்பு கண்டுபிடித்திருப்பார்.

போன புரட்டாசிக்கு முன்னால் ஊரிலிருந்து அத்தான் போன் செய்தார். அப்பா காலம் வரை கடை அரிசியில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த கட்டளைக்கு, அவருக்குப் பிறகு உறவுக்காரர்கள் சேர்ந்து வங்கியில் ஒரு தொகை போட்டு வைத்திருந்தோம். அன்றைக்கு அந்த வட்டியில் புளியோதரை, சர்க்கரைப்பொங்கல், சுண்டல் மூன்றும் நடந்து கையில் மிச்சமும் இருந்தது. தொகை அப்படியே இருக்கிறது. வட்டி இறங்கிவிட்டது, அரிசியும் நெய்யும் ஏறிவிட்டன. இந்த வருஷம் வட்டிக்குச் சுண்டல் மட்டும்தான் வரும் என்று பட்டர் சொல்லிவிட்டாராம். இந்த முறை ஒற்றி வைத்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. தானாகவே முட்டுப்பட்டுவிட்டது.

அத்தானுக்குத் திருவல்லிக்கேணிக் கல்லைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். நிலம் ஒற்றிக்குப் போனது, அமுதுபடி நின்றது, விசையரையன் மீட்டது எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவரு ஒத்த ஆளாவா மீட்டாரு?"

"கல்லுல அவரு பேருதான் இருக்கு அத்தான்."

"நாம ஏழு பேரு இருக்கோம்லா. ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டு ராத்திரிக்குள்ள சொல்லு. நெய்யைக் கொஞ்சம் தாராளமாவே போட்டுக்கோ."